தில்லிக்குப் படிக்கச் செல்லும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தில்லிப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஆகியவற்றில் இடம் பெற்றுள்ள, அல்லது இடத்துக்காகக் காத்திருக்கும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு:

பிறந்து வளர்ந்த மாநிலத்திலேயே கல்லூரியில் சேரும் ஒரு மாணவருக்குத் துணையாக நிற்பவற்றில் பாதி அவர் கண்ணில் படுவதே இல்லை. சாதிச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் வாங்குவது என்பது வீட்டில் யாரேனும் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கிறது என்று எந்த எழுத்தருக்கும் விளக்க வேண்டியிருக்காது. ஆட்டோக்காரர் கேட்கும் தொகை நியாயமானதா என்பது காதில் விழுந்த கணத்திலேயே விளங்கிவிடும். மாநில எல்லையைத் தாண்டியதும் இவை ஒவ்வொன்றும் தனித்தனி வேலையாக, அதுவும் முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டிய வேலையாக மாறிவிடுகின்றன. வெளிமாநிலப் படிப்பைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் துணிவு, தன்னம்பிக்கை என்னும் பண்புகளையே சுற்றி வருகின்றன. அப்பண்புகள் வேண்டியவையே என்றாலும், முதல் ஆண்டில் ஒரு மாணவரைத் திணறடிப்பவை ஒரு சான்றிதழின் தேதி, ஒரு மின் மீட்டரின் கணக்கு, புரியாமலே தலையாட்டிய ஓர் எண் போன்ற சின்னஞ்சிறு செய்திகளாகவே இருப்பதால், இம்மடல் அவற்றைப் பற்றியே பேசுகிறது.

முதற்சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. குடும்பப் பெயரும் சாதிப் பெயரும் ஒட்டாமல், தந்தையின் அல்லது தாயின் பெயரிலிருந்து எடுத்த தலைப்பெழுத்தை, அதாவது இனிஷியலை மட்டும் முன்வைத்து எழுதும் தமிழ்நாட்டு வழக்கத்துக்கு, முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கும் வடநாட்டு விண்ணப்பப் படிவங்களில் இடமில்லை. மு. கயல்விழி என்று பள்ளிச் சான்றிதழில் உள்ள ஒருவரின் பெயர் ஆதார் அட்டையில் கயல்விழி முருகன் என்றும் வங்கிக் கணக்கில் கயல்விழி எம் என்றும் இருந்தால், தமிழ்நாட்டில் அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. தில்லியின் அலுவலகச் சாளரத்தில் அவர் மூன்று பேர். பள்ளிப் பொதுத்தேர்வு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரைத் திருத்துவது மற்ற ஆவணங்களைத் திருத்துவதைவிடக் கடினம் என்பதால், அதையே மூலமாகக் கொண்டு, ஆதார், வங்கிக் கணக்கு, நுழைவுத்தேர்வு விண்ணப்பம் ஆகிய அனைத்தையும் அதற்கு ஒத்துவருமாறு ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. இவ்வளவு செய்த பிறகும் வகுப்பில் வருகைப் பதிவின்போது கயல்விழியை ‘முருகன்’ என்று ஆசிரியர் அழைக்கக்கூடும். அதற்குத் திருத்தம் கிடையாது, சிரித்துக்கொண்டே கை தூக்குவதுதான் வழி.

பெயரைவிடச் சிக்கலானது இடஒதுக்கீட்டுச் சான்றிதழ். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்று பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது; பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களிலோ இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு என்பதே கணக்கு. ஆகவே, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்னும் பிரிவு அங்கே இல்லை. மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு சாதி மத்திய அரசின் பட்டியலிலும் இருந்தால் மட்டுமே அம்மாணவர் இதர பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுவார். இரு பட்டியல்களும் ஒன்றல்ல என்பதால், வீட்டில் உள்ள நிரந்தரச் சாதிச் சான்றிதழை நம்பி இருந்துவிடாமல் மத்தியப் பட்டியலில் தம் சாதியின் பெயர் உள்ளதா என்பதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பட்டியலில் பெயர் இருந்தாலும், ‘கிரீமி லேயர்’ எனப்படும் வசதி படைத்த அடுக்கில் குடும்பம் சேரவில்லை என்பதற்கு மத்திய அரசு வகுத்த படிவத்திலேயே தனிச் சான்றிதழ் வேண்டும். இதற்கான வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இந்த வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் ஊதியமும் வேளாண் வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. பெற்றோரின் பதவிநிலை மட்டும் தனியாகப் பார்க்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல், சம்பளம் 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்தால் தகுதி இல்லை என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு பொதுப்பிரிவில் விண்ணப்பித்து இடத்தை இழக்கும் குடும்பங்கள் உண்டு. மேலும், தில்லிப் பல்கலைக்கழகம் சேர்க்கை நடைபெறும் ஆண்டின் மார்ச் 31ஆம் தேதிக்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழையே கேட்கிறது; சென்ற ஆண்டின் சான்றிதழ் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அங்கே வெறும் தாள். ஏப்ரல் பிறந்ததும் இ‑சேவை மையத்துக்குச் சென்று விண்ணப்பிப்பவருக்கு ஜூலையில் ஓட்டம் இல்லை. இதே வேளையில், மாற்றுச் சான்றிதழ் வேறு, இடப்பெயர்வுச் சான்றிதழ் வேறு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்: முன்னது பள்ளி தருவது, பின்னது ஒரு கல்வி வாரியத்தில் படித்து முடித்தவர் வேறிடத்தில் சேர்வதற்காக அவ்வாரியமே தருவது, மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவருக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து வருவது.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு செய்தி போதும்: மாநிலத்தை விட்டு வெளியேறுவதால் மாநில அரசின் உதவி அற்றுப்போவதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான பள்ளிமேற்படிப்பு உதவித்தொகையை, அவர் எங்கே படித்தாலும், சொந்த மாநிலமே வழங்க வேண்டும் என்பது விதி. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களிலும் படிக்கும்போது, வருமான வரம்புக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டமும் தமிழ்நாடு அரசிடம் உள்ளது. சேரும் கல்லூரியின் அலுவலகத்தில் இவற்றைப் பற்றி அறிந்தவர் இருக்கமாட்டார் என்பதால், விண்ணப்பத்தில் கல்லூரி முதல்வரின் கையொப்பம் பெறுவதிலிருந்து அதைச் சென்னைக்கு அனுப்புவது வரை மாணவரே முன்னின்று நடத்த வேண்டியிருக்கும்.

இனி உறைவிடம். தில்லிப் பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயரின் கீழ் ஏறத்தாழ 90 கல்லூரிகள் நகரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தை ஒட்டிய வடக்கு வளாகம் ஒரு மூலை என்றால், தௌலா குவானுக்கு அருகிலுள்ள தெற்கு வளாகம் இன்னொரு மூலை. பவானாவிலுள்ள மகளிர் கல்லூரியோ நகரின் விளிம்பிலேயே இருக்கிறது. எனவே, கல்லூரி உறுதியாகும் முன் வடக்கு வளாகத்தை ஒட்டிய கமலா நகரிலோ விஜய் நகரிலோ அறைக்கு முன்பணம் கொடுப்பது, திருநெல்வேலியில் படிக்க நாகர்கோவிலில் வீடு பிடிப்பதைப் போன்றது. பல கல்லூரிகளில் விடுதியே இல்லை. இருக்கும் விடுதிகளிலும் இடம் சொற்பம். ஆகவே பெரும்பாலோர் ‘பிஜி’ எனப்படும், உணவுடன் கூடிய தனியார் விடுதி அறைகளிலோ, ‘பர்சாத்தி’ எனப்படும் மொட்டைமாடி அறைகளிலோ தங்குகின்றனர். பர்சாத்தி என்னும் சொல் மழையைக் குறிக்கும் பர்சாத் என்பதிலிருந்து வந்தது. மே மாதத்தில் அவ்வறையில் இருந்தவர்கள் அதற்கு வெயிலின் பெயரையே வைத்திருக்கலாம் என்று கருதுவர்.

வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதால், அச்செலவைத் தவிர்க்க இந்தியா முழுவதும் கையாளப்படும் வழி அது. அதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. கவனமாகப் படிக்க வேண்டியவை வேறு: இடையில் காலி செய்தால் முன்பணம் திரும்புமா, மின்சாரத்துக்கு வீட்டு உரிமையாளர் வைத்திருக்கும் சப்‑மீட்டரில் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும், புரோக்கருக்கு யார் எவ்வளவு தருவது ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாய்ச்சொல்லில் ‘ஹோ ஜாயேகா’, அதாவது ஆகிவிடும், என்று முடிக்கப்படுபவை ஆவதில்லை.

அறையைப் பார்க்கும்போது சுவரின் நிறத்தைவிடப் படிக்கட்டைப் பார்ப்பது முக்கியம். 2023 ஜூனில் முகர்ஜி நகரில் பயிற்சி வகுப்புகள் நடந்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தபோது மாணவர்கள் கயிற்றைப் பற்றிக்கொண்டு சன்னல் வழியாக இறங்கினர். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் அடித்தளத்தில் மழைவெள்ளம் புகுந்ததில் மூவர் இறந்தனர். இரண்டாவது வெளியேறும் வழி இல்லாத கட்டடத்திலும், நூலகமாக மாற்றப்பட்ட அடித்தளத்திலும் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இவ்விரு நிகழ்ச்சிகளுக்குப் பின் விதிகள் கடுமையாகியுள்ளன என்ற பேச்சை நம்பி இராமல், கண்ணால் பார்த்துத் தெளிவதே தகும்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். 1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர் இந்தி எழுத்துகூட அறியாமல் தில்லி வந்து சேர்வது இயல்பு. அதில் நாணுவதற்கு ஒன்றும் இல்லை. அதேபோல், அங்கே வாழும்போது இந்தி கற்றுக்கொள்வது எந்தக் கொள்கைக்கும் துரோகம் ஆகாது. பள்ளியில் எதைக் கட்டாயமாக்கலாம் என்பது அரசின் அதிகாரத்தைப் பற்றிய கேள்வி. பால்காரரிடம் எப்படிப் பேசுவது என்பது வாழ்க்கையைப் பற்றிய கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, மூன்றாண்டுகள் தில்லியில் இருந்தும் இந்தி தெரியாது என்று பெருமை பேசுவோர் நகரத்தின் பாதியை இழந்தவர்களே.

கற்கும்போது தமிழருக்கு நேரும் தடைகள் குறிப்பிட்டவை, ஆகவே கடக்கக்கூடியவை. தமிழ் எழுத்தில் க என்பது ஒன்றே. இந்தியில் அது நான்கு ஒலிகள், நான்கு எழுத்துகள். தமிழில் ‘கானா’ என்று எழுதினால் அது இந்தியில் உணவாகவும் இருக்கலாம், பாட்டாகவும் இருக்கலாம், ஒற்றைக் கண்ணனாகவும் இருக்கலாம். மூன்றின் முதலெழுத்தும் வேறு. தமிழில் உயிரற்ற பொருள்களுக்குப் பால் வேறுபாடு இல்லை, இந்தியில் கதவு ஆண், சன்னல் பெண். இதில் நேரும் பிழையைக் கேட்டு நண்பர்கள் சிரிப்பார்களே தவிர, பொருள் கெட்டுவிடுவதில்லை. ‘கல்’ என்னும் ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கிறது என்பதால், முன்பணத்தைக் ‘கல்’ தருவதாக வீட்டுக்காரர் சொன்னால் வினைச்சொல்லையும் கூர்ந்து கேட்பது நலம்.

பணத்தொகைகளில்தான் உண்மையான இடர் உள்ளது. ஒன்று முதல் நூறு வரை இந்தி எண்கள் தமிழைப்போல ஒழுங்காகக் கூட்டி அமைக்கப்பட்டவை அல்ல, ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாகவே மனப்பாடம் செய்ய வேண்டும். அதைவிட, லட்சத்தையும் கோடியையும் தமிழர் ஒன்றரை, இரண்டரை என்று சொல்வதுபோல் இந்தி பேசுவோர் நூற்றையும் சொல்வர்: சவா சௌ என்பது 125, டேட் சௌ 150, பௌனே தோ சௌ 175, டாயி சௌ 250, சாடே தீன் சௌ 350. தோ சௌ இருநூறு என்று மட்டும் கற்றுவந்தவர் பௌனே தோ சௌ என்பதில் கடைசி இரு சொற்களைப் பிடித்துக்கொண்டு 25 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருவார்.

முன்னிலைச் சொற்களில் ஆப் என்பது நீங்கள்; தும், தூ என்பவை நெருக்கமும் தாழ்வும் கலந்த நீ. இந்தித் திரைப்பாடல்களிலிருந்து மொழியைப் பொறுக்கிக்கொண்டவர்கள் காதல் பாட்டின் தும்மை விடுதிக் காப்பாளரிடம் பயன்படுத்திவிடுவதுண்டு. யாரிடமும் ஆப் என்றே தொடங்கி, ஆட்டோக்காரரையும் கடைக்காரரையும் தமிழில் அண்ணா என்பதுபோல் பையா என்றும், வயதில் மூத்த பெண்ணைத் தீதி என்றும் அழைத்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். வகுப்பறையில் ஆங்கிலத்தில் தொடங்கும் விரிவுரை நகைச்சுவைக்கும் உதாரணத்துக்கும் இந்திக்குத் தாவும்போது, பின் வரிசையில் அமைதியாக இருப்பதைவிட, முதல் இரு வாரங்களுக்குள் ஆசிரியரைத் தனியே கண்டு தெரிவித்துவிடுவது மேல். பெரும்பாலான ஆசிரியர்கள் அது நேர்வதையே உணர்ந்திருப்பதில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் நவீன இந்திய மொழிகள் துறையில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக ஓர் இந்திய மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்போது, தமக்குத் தரப்படும் மொழியை ஏற்கும் முன், தம் கல்லூரி மாணவர் தமிழைப் பயில வழி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

‘மதராசி’ என்னும் சொல் எப்படியும் காதில் விழும். மதராஸ் மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு எனப் பெயர் மாறிய பிறகும், விந்தியத்துக்குத் தெற்கே பிறந்த எவரையும், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்ற வேறுபாடின்றி, அச்சொல்லால் குறிப்போர் உள்ளனர். இச்சொல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு: லோதி எஸ்டேட் முதல் ஜனக்புரி வரை இன்று 7 பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தொடக்கத்தில் மதராசிக் கல்விச் சங்கம் என்றே தன்னை அழைத்துக்கொண்டது. அறியாமையால் சொல்பவருக்கு ஒரு முறை விளக்கம் தரலாம். இழிவுபடுத்தச் சொல்பவரைப் பற்றி முறையீடு செய்யலாம். இரண்டையும் பிரித்தறிவதே திறமை. நேரு பல்கலைக்கழகத்தின் பெரியார் விடுதியைக் கண்டு மகிழும் தமிழ் மாணவருக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது: அங்குள்ள விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்களே வைக்கப்பட்டுள்ளன, அது காவிரிக்குத் துணையாக நிற்கும் பெரியாறு.

1946இல் தோன்றி இன்று ராமகிருஷ்ணபுரத்தில் இயங்கும் தில்லித் தமிழ்ச் சங்கமும், அதே பகுதியிலுள்ள மலைமந்திர் என்னும் முருகன் கோயிலும் ஊர் நினைவு வாட்டும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு உரியவை. மூத்த தமிழ் மாணவர்களின் துணை முதல் மாதத்தில் விலைமதிப்பற்றது. அறை பிடிப்பதிலிருந்து சிம் கார்டு வாங்குவது வரை அவர்களே கைகொடுப்பர். ஆயினும் அறை, உணவு, அரட்டை, படிப்பு ஆகிய நான்கிலும் தமிழ்க் கூட்டத்தையே நாடுபவர், மணிப்பூரிலிருந்தும் பீகாரிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்த வகுப்புத் தோழர்களுடன் பழகும் வாய்ப்பைக் கோட்டைவிடுகிறார். அவர்களும் அந்நகரத்துக்கு வெளியாட்களே என்பதால் நட்பு எளிதில் வளரும்.

உணவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மெஸ்ஸில் ராஜ்மாவும் சோலேயும் ரொட்டியும் வரும்; புழுங்கலரிசிச் சோறு வராது; ஒரு பொட்டலம் இட்லிப்பொடியும் ஊறுகாயும் பெரும்பாலான துயரங்களைப் போக்கிவிடும்.

பருவநிலை அவ்வாறு கடந்து செல்லக்கூடியது அல்ல. ஆகஸ்டில் வந்திறங்குபவரைப் புழுக்கம் வரவேற்கும். ஸ்வெட்டரை ஊரிலிருந்து சுமந்து வருவது வீண், ஏனெனில் சென்னையில் கிடைப்பது தில்லிக் குளிருக்குப் போதாது, நவம்பரில் அங்கேயே மலிவாகக் கிடைக்கும் கம்பளி உடையும், பஞ்சு அடைத்த ரஜாய் எனப்படும் கனத்த போர்வையுமே டிசம்பர், ஜனவரி இரவுகளைத் தாங்கும். குளிரைவிடக் கொடியது மூடிய அறையில் நெருப்பு: அங்கீட்டி எனப்படும் கரியடுப்பும், காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசரும் மணமற்ற கார்பன் மோனாக்சைடை வெளியிடுவதால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உயிர்கள் போகின்றன. அக்டோபர் இறுதியிலிருந்து காற்றும் கெடுகிறது. பஞ்சாப், அரியானா வயல்களில் வைக்கோல்தாள் எரிக்கப்படும் புகையும் நகரத்தின் சொந்தப் புகையும், காற்று வீசாத குளிரில் தரையோடு தேங்கிவிடுகின்றன. காற்றுத்தரக் குறியீடு என்பது இம்மாசுகளின் அளவை 0 முதல் 500 வரையிலான ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டுவது. 50க்குள் இருந்தால் நன்று, 400ஐத் தாண்டினால் கடுமை. அந்நாள்களில் என்‑95 முகக்கவசம் அணிவதும் காலை ஓட்டத்தை நிறுத்துவதும் கோழைத்தனம் அல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள் ஊர் மருத்துவரிடம் மருந்துச்சீட்டும் குளிர்காலத்துக்கான அறிவுரையும் பெற்றே கிளம்ப வேண்டும்.

அந்தக் குளிரோடு பனிமூட்டமும் சேர்ந்து ரயில்களைத் தாமதமாக்கும் நாள்களில்தான் பொங்கலும் வருகிறது. சென்னைக்கும் புதுதில்லிக்கும் இடையே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரசில் சுமார் 33 மணி நேரம். மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் நிஜாமுதீனிலிருந்து தனி வண்டிகள் உண்டு. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாள்களுக்கு மாறாக 60 நாள்களுக்கு முன்பே திறக்கிறது என்பதால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் செல்ல விரும்புவோர் அந்த அறுபதாம் நாளை நாள்காட்டியில் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். விடுதியிலிருந்து சொந்த ஊருக்குச் செல்லும் மாணவருக்கு ஸ்லீப்பர் வகுப்பில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. கல்லூரி முத்திரையிட்டுத் தரும் படிவத்துடன் முன்பதிவு மையத்தின் கவுன்டருக்கே செல்ல வேண்டும் என்பதால் பலர் அதைக் கேட்டுப் பெறுவதில்லை.

மூத்த மாணவர்களின் பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் இயற்றியது. எல்லைக்கு வெளியே அது செல்லாது என்றாலும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் நாடெங்கும் பொருந்தும், 1800‑180‑5522 என்னும் எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். மனம் தாங்காத நாள்களுக்கு 14416 என்னும் டெலி‑மானஸ் எண் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அவ்வரசுச் சேவையில் தமிழிலும் பேசலாம். தேர்வில் தோல்வி, பணமின்மை, தனிமை ஆகியவற்றை வீட்டுக்குச் சொன்னால் கவலைப்படுவார்கள் என்று மறைத்து வைப்பதே வெளிமாநில மாணவரிடம் காணப்படும் பொதுவான பிழை. தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கும் தாய்க்கு ‘சாப்பிட்டேன்’ என்ற விடையிலுள்ள பொய் எப்படியும் தெரிந்துவிடுகிறது.

கடைசியாக வாக்குரிமை. பதினெட்டு வயது நிரம்பிய மாணவர் எங்கே ‘வழக்கமாக வசிப்பவர்’ என்ற கேள்விக்குச் சட்டம் இரு விடைகளையும் ஏற்கிறது: பெற்றோருடன் வாழ்ந்த ஊரின் பட்டியலிலும் சேரலாம், படிக்குமிடத்தின் விடுதி அல்லது அறை முகவரியிலும் சேரலாம், ஆனால், இரு தொகுதிகளில் பெயர் இருக்கக்கூடாது. புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6, இடம் மாற்றுவதற்குப் படிவம் 8. மாணவர்களுக்கு அஞ்சல் வாக்கு இல்லை என்பதால், ஊர் முகவரியையே வைத்துக்கொள்பவர் வாக்குப்பதிவு நாளுக்கு அந்த 33 மணி நேரப் பயணத்தை மேற்கொள்ள வேண்டும். தில்லி முகவரியை எழுதுபவர் தம் பஞ்சாயத்துக்கும் சட்டமன்றத்துக்கும் யார் வரவேண்டும் என்று சொல்லும் உரிமையைப் படிப்பு முடியும்வரை விட்டுக்கொடுக்க வேண்டும். எந்தக் கட்டத்தை நிரப்புவது என்பதை, தேர்தல் அறிவிப்பு வெளிவந்து விண்ணப்பக் காலம் நெருக்கும் முன்பே, சேர்ந்த முதற்பருவத்திலேயே முடிவு செய்துகொள்வது வசதி.